சாராளும் மூன்று நாள் லீவும்

சாராளுக்குக் கதை சொல்ல வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கத்துக் காலனியில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால், சபையை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஓய்வுநாள் பள்ளி நடக்கும். மற்ற டீச்சர்களின் வகுப்பில் பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். சாராளின் வகுப்பில் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். கோலியாத்து விழுந்தால் அவளும் பாயில் தொப்பென்று விழுவாள். யோனாவை மீன் விழுங்கினால் புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு, மீனின் வயிற்றுக்குள்ளிருந்து பேசுவாள்.

ஆடி மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எடுத்தது எகிப்து ராஜா பார்வோன் கதை.

"மோசே போயி இன்னா கேட்டாரு தெரியுமா? அடிமையா இருந்த ஜனங்கள மொதல்லயே ஒரேயடியா வுட்டுடுன்னு கேக்கல. 'நாங்க வனாந்தரத்துக்குப் போயி எங்க தேவனுக்குப் பண்டிகை கொண்டாடணும், மூணு நாளு எங்களப் போக விடு'ன்னு கேட்டாரு."

"லீவா டீச்சர்?" என்றது ஒரு குரல்.

"லீவுதான். மூணே நாள் லீவு. அதக்கூடக் குடுக்கல அந்த மகராசன். 'யாரு அந்தக் கர்த்தர்? அவரு சொன்னா நான் கேக்கணுமா? இவனுங்களுக்கு வேலை கம்மியாப் போச்சு, அதான் பண்டிகை கேக்குது'ன்னுட்டான். எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சு பாருங்க!"

சாராள் இடுப்பில் கை வைத்து, மோவாயைத் தூக்கி, புருவத்தை நெரித்துப் பார்வோனாக நின்று காட்டினாள். பிள்ளைகள் 'ச்சீ' என்று முகத்தைச் சுளித்தன. அவ்வளவு பொருத்தமாக இருந்தது. மீதிக் கதை வாராவாரம் தொடரும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை அதே இடுப்பில் அதே கையை வைத்து அவள் வேறொரு இடத்தில் நின்றாள்.

அது கொசுவர்த்திச் சுருள் செய்கிற கம்பெனி. சாராள் அங்கே பேக்கிங் லைனுக்குச் சூப்பர்வைசர். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டும் கடலை பறித்தும் வயிறு கழுவியவர்கள். கழனிகள் கம்பெனிகளாக மாறியபோது சாராள் துடைப்பத்தோடு உள்ளே நுழைந்தாள். பச்சைத் தூளைக் கூட்டிப் பெருக்கினாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து சுருள்களை அட்டைப் பெட்டியில் அடுக்கினாள். இப்போது அடுக்குகிறவர்களுக்குப் பின்னால் நடக்கிறாள். அவள் தெருவில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேலைக்குப் போன முதல் பெண்பிள்ளை அவள்தான். அந்த அட்டையை அவள் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் கழற்றினதைப் பார்த்தவர்கள் குறைவு.

அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டு. "என் கல்யாணத்துக்கே ரெண்டு நாளுதான் லீவு போட்டேன். மூணாம் நாளு மருதாணிக் கையோட லைன்ல குந்திக்கினு இருந்தேன்." அவள் புருஷன் ஆதிகேசவன் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிலக்கரிப் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

இப்படிப்பட்டவளிடம்தான் செல்லியம்மாள் வந்து நின்றாள்.

செல்லியம்மாள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. அவளும் அவள் சொந்தக்காரப் பெண்கள் ஐந்து பேரும் கம்பெனி வேனில் ஒன்றாக வருவார்கள், ஒன்றாகப் போவார்கள். லைனில் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்தால் கை ஓடுவது தெரியாது. பெட்டி நிறைவதுதான் தெரியும்.

"அக்கா, சனி, ஞாயிறு, திங்க, மூணு நாளு லீவு ஓணும்."

"ஆருக்கு?"

"எங்க ஆறு பேத்துக்கும்."

சாராளின் கை இடுப்புக்குப் போனது அப்போதுதான்.

"எல்லையம்மனுக்குக் கூழு ஊத்தறாங்கக்கா. சனிக்கெழம காப்புக் கட்டறது, ஞாயித்துக்கெழம கூழு, திங்கக்கெழம தீமிதி."

"சனிக்கெழம சாயங்காலம் கன்டெய்னர் வருது. ஞாயித்துக்கெழமையும் ஓ.டி. வேலை கீது. ஆறு பேரும் போய்ட்டா லைன ஆரு ஓட்டறது? உங்கம்மா வந்து ஓட்டுவாளா?"

"கேட்டுப் பாக்கறேன்கா. ஆனா அன்னிக்கு அவளுக்கும் வேலை கீது."

லைனில் களுக்கென்று சிரிப்பு ஓடியது. சாராள் திரும்பிப் பார்த்ததும் எல்லாத் தலையும் பெட்டிக்குள் போய்விட்டன.

"வேலை கம்மியாப் போச்சு உங்களுக்கு. அதான் திருவிழா கேக்குது" என்றாள் சாராள். சொன்ன வாய்க்கு எதுவும் உறைக்கவில்லை.

செல்லியம்மாள் விளையாட்டை விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள். "இந்த வருசம் நான் கரகம் எடுக்கறேன்னு நேந்துக்கினு கீறேன்கா. உங்களுக்குத் தெரியாததா?"

சாராளுக்குத் தெரியும். போன மார்கழியில் செல்லியம்மாளின் புருஷன் லோகநாதனின் படகு கடலில் கவிழ்ந்தது. ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்து, ஆந்திரக் கரையில் போய் ஒதுங்கினான். தகவல் வருகிறவரைக்கும் செல்லியம்மாள் அம்மனிடம் நேர்ந்துகொண்டிருந்தாள். சாராள் சபையில் எழுந்து நின்று 'லோகநாதன் என்கிற சகோதரனுக்காக' ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவனைக் காப்பாற்றியது யார் என்ற வழக்கு இரண்டு பேருக்கும் நடுவில் அன்றிலிருந்து தீராமல் நடந்துகொண்டிருக்கிறது. டீ நேரத்தில் வாய்தா போடுவார்கள்.

"முடியாது செல்லி. போயி வேலையப் பாரு" என்றாள் சாராள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேற்கே கருத்தது. ஒரு மணி நேரம் அடித்துக் கொட்டிய மழையில் சிப்காட் சாலைகள் எல்லாம் கால்வாய் ஆயின. பின்பக்கத்துப் பள்ளத்திலிருந்து தண்ணீர் வாசற்படிக்கு ஏறியது. தண்ணீரோடு தவளைகளும் ஏறின.

முதலில் ஒன்று வந்தது. ஏதோ இன்ஸ்பெக்ஷனுக்கு வந்ததுபோல நடு ஹாலில் உட்கார்ந்து தொண்டையை உப்பிக்கொண்டது. பிறகு பட்டாளமே வந்தது. அட்டைப் பெட்டிக்குள், கன்வேயருக்கு அடியில், கணக்குப் பிள்ளையின் சாப்பாட்டுப் பைக்குள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோலியாத்தோடு சண்டை போடுகிற சாராள் இந்த உலகத்தில் ஒன்றுக்குப் பயப்படுவாள் என்றால் அது தவளைக்கு. ஒரே தாவில் ஸ்டூல் மேல் ஏறி நின்றாள்.

"ஐயோ, செல்லி! புடிடீ அத!"

ஏரிச் சேற்றில் வளர்ந்த அந்த ஆறு பேருக்குத் தவளை ஒரு பொருட்டா? இரண்டு பேர் காலிச் சாக்கை விரித்து மடக்கினார்கள். இரண்டு பேர் துடைப்பத்தால் ஓட்டிவிட்டார்கள். இன்னொருத்தி நனையவிருந்த அட்டைக் கட்டுகளைத் தூக்கி மேலே அடுக்கினாள். செல்லியம்மாள் மட்டும் கையில் ஒரு கொழுத்த தவளையோடு ஸ்டூலுக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"லீவு இன்னா ஆச்சுக்கா?"

"அடியேய், அத அந்தாண்ட கொண்டு போடி!"

"இது பாவம்கா, ஒண்ணும் செய்யாது. இது வாயில்லாத ஜீவன். நம்ம லீவுதான்…"

"போங்க! ஆறு பேரும் போங்க! மூணு நாளு இன்னா, முப்பது நாளு போங்க! மொதல்ல அதக் கொண்டு போயி வெளிய வுடு!"

தவளை வெளியே போனது. லைனே கைதட்டியது.

புதன்கிழமை காலையில் பளீரென்று வெயில். தரை காய்ந்திருந்தது. அட்டைகள் எல்லாம் பத்திரம். சாராள் மடிப்புக் கலையாத புடவையில் வந்தாள். ஒரு தரம் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு தவளைகூட இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

"செல்லி, நான் யோசிச்சுப் பாத்தேன்…"

"தவளை போயிடுச்சு. அதானேக்கா?"

"அது இல்லடி. நம்ம கேட்டாண்டயே ஒரு அம்மன் கோயிலு கீதே. சாப்பாட்டு நேரத்துல அங்கயே ஊத்திக்கலாமே உங்க கூழ?"

"உங்க சபைய இங்க கேன்டீன்ல வெச்சுக்கலாமாக்கா?"

"சரி, நீ கரகம் எடுக்கறவ, நீ மட்டும் போ. மத்த அஞ்சு பேரு இருக்கட்டும்."

"கரகம் நான் எடுப்பேன். என்னை ஆரு புடிச்சுக்கறது? கம்பெனி செக்யூரிட்டியா?"

"சரி, எல்லாரும் போங்க. ஆனா சனிக்கெழம காலைல போயிட்டு மத்தியானம் ஷிப்டுக்கு வந்துடுங்க."

"காப்புக் கட்டிக்கினா திருவிழா முடியறவரைக்கும் ஊரு எல்லையத் தாண்டக் கூடாதுக்கா. தாண்டினா தெய்வக் குத்தம். உங்களுக்கு ஒரு தவளைக்கே அந்த ஆட்டம் ஆடுது. எங்களுக்கு அவ கண்ணத் தொறந்தா தாங்குமா?"

சாராள் மறுபடி 'முடியாது' என்றாள். இந்த முறை சொல்வதற்குக் கொஞ்சம்கூடக் கஷ்டமாக இல்லை. அது அவளுக்கே லேசாக ஆச்சரியமாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் ஏரியா முழுக்கக் கரண்ட் போனது. கம்பெனி ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிவிட்டது. ஜன்னல் இல்லாத அந்த ஹாலில் எதிரே இருப்பவர் முகம் தெரியாத இருட்டு. மழைத் தண்ணீர் தேங்கியதில் பிறந்த கொசுக்கள் இதற்காகவே காத்திருந்ததுபோல வந்தன. லட்சக்கணக்கில் கொசுவர்த்தி அடுக்கியிருக்கிற இடத்தில், ஒன்றைக்கூடக் கொளுத்த அனுமதியில்லாமல், லைன் முழுக்கத் தொடையிலும் தோளிலும் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இருட்டுக்குள்ளிருந்து செல்லியம்மாளின் குரல் வந்தது.

"அக்கா, நான் ஒண்ணும் பண்ணலக்கா. சத்தியமா."

அன்று சாயங்காலம் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே சாராள் இந்தக் கதையைத் தன் மகளிடம் சொல்லி அங்கலாய்த்தாள். மகள் ஜெபா பி.காம். முடித்தவள். அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். ஏதாவது ஒரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டே இருப்பாள். கேட்டுக்கொண்டே வந்தவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"அம்மா, போன ஞாயித்துக்கெழம நீ இன்னா கத சொன்ன?"

"பார்வோன் கத. ஏன்?"

"அவங்க எத்தினி நாளு லீவு கேட்டாங்க?"

"மூணு…" என்ற சாராளின் கையில் வெங்காயம் நின்றது.

"இங்கயே கும்புட்டுக்கோங்கன்னு யாரு சொன்னாங்க? கொஞ்ச பேரு போங்க, மீதிப் பேரு இருங்கன்னு யாரு சொன்னாங்க? தவளை போனதும் மாத்திப் பேசினது யாரு?"

"ஏய்! நான் பார்வோனாடி?" சாராளுக்கு முகம் சிவந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தக் கதையில் அவள் அடிமைப்பட்ட இஸ்ரவேல் ஜனத்தின் பக்கம்தான். கழனியில் குனிந்த அப்பா, கடலை பறித்த அம்மா, துடைப்பம் பிடித்த அவள் என்று எல்லாரும் பார்வோனுக்குச் செங்கல் அறுத்த கூட்டம். திடீரென்று சிம்மாசனத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? "அவங்க மெய்யான தேவனக் கும்புடப் போனாங்க. இதுங்க விக்கிரகத்தக் கும்புடப் போவுதுங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?"

"பார்வோனுக்கும் அந்த தேவன் ஆருன்னு தெரியாதும்மா. 'யாரு அந்தக் கர்த்தர்?'னு கேட்டான். நீதான் இடுப்புல கை வெச்சுக் காட்டினியாமே. பக்கத்தூட்டுப் பசங்க ரெண்டு நாளா அதத்தான் ஆடிக்கினு இருக்குதுங்க."

சாராள் வெங்காயத்தை வேகவேகமாக உரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தால்தான். கொஞ்ச நேரம் கழித்து, தன்னையே கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஆனா கர்த்தர்தானேடி அவன் மனசக் கடினப்படுத்தினாரு? அப்பிடித்தானே போட்டிருக்குது? அவரே கல்லாக்கிட்டு அவரே அடிச்சா, அவன் பாவம் இன்னா பண்ணுவான்?"

"சில இடத்துல அவரு கடினப்படுத்தினாருன்னு இருக்கு. சில இடத்துல அவனே கடினப்படுத்திக்கினான்னு இருக்கு. எனக்கும் அது புரியலம்மா. எத்தினியோ தரம் யோசிச்சுட்டேன்" என்றாள் ஜெபா. பட்டம் வாங்கியவளுக்கே புரியவில்லை என்றதில் சாராளுக்கு ஒரு சின்ன ஆறுதல்.

வெள்ளிக்கிழமை காலையில் வேன் வந்து நின்றதும் சாராள் முதல் ஆளாகப் போய் நின்றாள். "ஆறு பேரும் போங்க. இந்தத் தரம் மாத்த மாட்டேன்" என்றாள். செல்லியம்மாள் வானத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "தவளை எதுவும் இல்லியேக்கா?" என்றாள்.

சனிக்கிழமை காலையில் சாராள் ஹாலுக்குள் நுழைந்தபோது ஆறு ஸ்டூல் காலியாக இருந்தது. நினைத்துப் பார்ப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. சுருள்கள் வந்து குவிந்தன. எடுக்கக் கை இல்லை. வேறு லைனிலிருந்து கடன் வாங்கிய இரண்டு பெண்கள் எடுத்ததில் பாதி உடைந்தது. சாராளுக்கு அடிவயிற்றில் நெருப்பு பற்றியது. 'எதுக்கு விட்டேன்? எந்தக் கிறுக்கு பிடித்து விட்டேன்?'

பதினோரு மணிக்கு மேனேஜர் துளசிராமன் வந்தார். இரண்டு நாளாகச் சென்னையில் மீட்டிங்கில் இருந்தவர். காலி ஸ்டூல்களைப் பார்த்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதுதான் கத்தல்.

"சாராளம்மா, கன்டெய்னர் ஏழு மணிக்கு வருது. அவங்க ஊரு ஒண்ணும் தூரமில்ல. வேன எடுத்துக்கிட்டு யாராவது போயி…"

அவர் முடிக்கவில்லை. சாராள் டிரைவர் ராபினைக் கூப்பிட்டு, வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சுண்ணாம்புக்குளம் தாண்டும்வரை அவளுக்கு ஒரே நினைப்புதான். கெஞ்சுவதா, மிரட்டுவதா? சார் சொல்லிட்டாரு, நான் இன்னா பண்ண முடியும் என்று சொல்லிவிடலாம். அதுதான் சரி. பழி சார் மேல். அந்த எண்ணம் வந்த மாத்திரத்தில், நேற்று முன்தினம் வெங்காயத்தோடு கேட்ட 'அவன் பாவம் இன்னா பண்ணுவான்?' என்ற கேள்வி எங்கிருந்தோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. சார் என்ன சொன்னார்? யாராவது போயி என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மீதி வாக்கியத்தை நான்தானே முடித்தேன்? வேனை எடுக்க ராபினைக் கூப்பிட்டது யார்?

"ராபின், மெதுவாப் போ" என்றாள்.

"மெதுவாத்தான்கா போறேன். பாத அப்பிடி கீது."

தார்ச்சாலை முடிந்திருந்தது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் உப்பு மண். நடுவில் மழையில் ஊறிய வண்டித்தடம். எதிரே குப்பம் தெரிந்தது. பம்பைச் சத்தம் கேட்டது. பாதைக்குக் குறுக்கே இரண்டு கழி நட்டு வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். அதற்கு இருபதடி இந்தப் பக்கம் வேன் ஒரு தரம் உறுமியது, இடதுபக்கம் சாய்ந்தது, நின்றது. பின்சக்கரம் பாதி சேற்றுக்குள்.

ராபின் இறங்கிப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்தான். அவனும் சபைப் பையன்தான். சின்ன வயதில் சாராளிடம் கதை கேட்டவன்.

"அக்கா… ரதச் சக்கரம் மாட்டிக்கிச்சுக்கா."

"வாய மூடு" என்றாள் சாராள். சொல்லிவிட்டு, தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. லீவு கேட்ட ஜனங்கள் அந்தப் பக்கம், துரத்தி வந்தவள் இந்தப் பக்கம், நடுவில் தண்ணீர் என்று, பார்வோன் ரதத்தில் துரத்திப்போன கடைசிக் காட்சியில் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் இருந்தது. கதவைத் திறந்து காலை வைத்தாள். முழங்கால்வரை போனது.

சத்தம் கேட்டு மஞ்சள் புடவைகளில் ஆறு பேரும் ஓடி வந்தார்கள். தோரணத்துக்கு அந்தப் பக்கம் சடாரென்று பிரேக் போட்டு நின்றார்கள். கையில் புதுக் காப்பு.

"அக்கா! இன்னாக்கா இது? திருவிழாவுக்கா வந்தீங்க?"

சாராள் சேற்றில் நின்றபடி அவர்களைப் பார்த்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்த கெஞ்சலும் மிரட்டலும் எங்கே போயின என்று தெரியவில்லை. "உங்களக் கூட்டிக்கினு போலாம்னு வந்தேன். இப்ப என்னை ஆராவது கூட்டிக்கினு போங்கடி" என்றாள்.

"காப்புக் கட்டியாச்சேக்கா. எல்லையத் தாண்டி வர முடியாதே" என்று செல்லியம்மாள் கையைப் பிசைந்தாள். இருபதடி தூரத்தில் சேற்றில் நிற்கிற மனுஷியைக் கை கொடுத்துத் தூக்க முடியாமல் ஆறு பேரும் தவித்தார்கள். ஒருத்தி கயிறு வீசலாம் என்றாள். ஒருத்தி பூசாரியைக் கேட்கலாம் என்றாள்.

அப்போது லோகநாதன் வந்தான். கடல் திருப்பிக் கொடுத்த அதே லோகநாதன். காலையில் அந்தத் தோரணத்தைக் கட்டியவனும் அவன்தான். நிலைமையைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் கழிகளைப் பிடுங்கினான். தோரணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாகச் சுற்றி நடந்து வந்து, வேனுக்குப் பின்னால் கொண்டுபோய் நட்டான். தோரணம் முன்னால் நடக்க நடக்க எல்லையும் கூடவே நடந்தது.

"இப்ப இது நம்ம ஊரு. வாங்க" என்றான்.

ஹோவென்று கூச்சல் போட்டுக்கொண்டு ஆறு பேரும் சேற்றில் இறங்கினார்கள். சாராளைத் தூக்கிக் கரையில் நிறுத்தினார்கள். குப்பத்து ஆண்கள் பலகையும் கயிறும் கொண்டுவந்து சக்கரத்துக்கு மண் வெட்டினார்கள். செல்லியம்மாள் ஏரித் தண்ணீரை மொண்டு சாராளின் காலில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள்.

"அக்கா, ஒரு சிக்கலு கீது. இப்ப நீங்க எங்க எல்லைக்குள்ள வந்துட்டீங்க. திங்கக்கெழம தீமிதி முடியாம ஆரும் வெளிய போவக் கூடாது."

"ஐயையோ, இன்னாடி சொல்ற? நாளைக்குக் காலைல ஓய்வுநாள் பள்ளி கீதுடி! பசங்க வந்து குந்திக்கினு இருக்கும்!"

"லீவு ஓணும்னா கேளுங்க. பாக்கலாம்."

"எத்தினி நாளு ஓணும்?" என்றாள் இன்னொருத்தி.

"வேலை கம்மியாப் போச்சு அக்காவுக்கு" என்றாள் மூன்றாமவள்.

சாராள் கையெடுத்துக் கும்பிட்டாள். "தாயே, என்னைப் போக விடுங்க." குப்பமே சிரித்தது. காப்புக் கட்டினவர்களுக்குத்தான் அந்தச் சட்டம் என்று செல்லியம்மாள் கடைசியில் மனமிரங்கிச் சொன்னாள். உள்ளே ஓடிப்போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சாராள் வாங்கத் தயங்கியதைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

"படையலுக்கு முன்னாடியே தனியா எடுத்ததுக்கா. உங்களுக்கு ஆவாதுன்னு எனக்குத் தெரியாதா?"

சாராள் ஒரே மூச்சில் குடித்தாள்.

போன் அடித்தது. துளசிராமன்.

"கூட்டிட்டுக் கிளம்பிட்டீங்களா?"

சாராள் தோரணத்தைப் பார்த்தாள். சேற்றுக் காலோடு நின்ற ஆறு பேரையும் பார்த்தாள். இருபத்தேழு வருஷத்தில் அந்தக் கம்பெனியில் அவள் 'இல்லை' என்று சொன்னது எல்லாம் தனக்குக் கீழே இருந்தவர்களிடம்தான்.

"இல்ல சார். லீவு குடுத்தது நான். குடுத்தது குடுத்ததுதான். செவ்வாக்கெழம வருவாங்க."

"கன்டெய்னர்?"

"எத்தினி ஆவுதோ அத்தினி ஏத்தி வுடுவோம் சார். நான் வந்து லைன்ல குந்தறேன். மீதி அடுத்த லோடுல போவட்டும். கேட்டா என் பேரச் சொல்லுங்க."

எதிர்முனையில் அவர் கண்ணாடியைத் துடைக்கிறார் என்று சாராளுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கன்டெய்னர் முக்கால்வாசிதான் நிரம்பியது. அதிலும் கொஞ்சம் சாராளும் ராபினும் அடுக்கியது. திங்கட்கிழமை அவளுக்கு ஒரு மெமோ வந்தது. இத்தனை வருஷ வேலையில் முதல் மெமோ. அதை ஆதிகேசவன் இரண்டு தரம் படித்துவிட்டு, இந்த முறை எழுந்து போகாமல், "நல்லாத்தான் எழுதியிருக்காரு" என்றார்.

இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்துபோனது. தகரக் கொட்டகையில் சாராள் தவளைகளையும் இருட்டையும் வேகமாகத் தாண்டி நேரே சமுத்திரக் கரைக்குப் போய்விட்டாள். ஜெபா பின்பக்கம் வந்து உட்கார்ந்து கேட்டாள். வழக்கமாக இந்த இடத்தில் சாராள் மோசேயாக நின்று கோலை நீட்டுவாள். அன்று பார்வோனின் ரதத்தில் ஏறினாள்.

"போக விட்டுட்டு ஏன் டீச்சர் திரும்பத் துரத்துனான்?"

"காலியாக் கிடந்த எடத்தப் பாத்திருப்பான்பா. அதப் பாத்தா வயிறு எரியும்."

"கர்த்தர்தான் அவன் மனசக் கல்லாக்கினாருன்னு எங்கம்மா சொன்னாங்க. அப்ப அவன் மேல இன்னா தப்பு?"

சாராள் கொஞ்சம் யோசித்தாள். தெரிந்த மாதிரிச் சொல்லிவிட்டுப் போவது அவளுக்குக் கஷ்டமில்லை.

"எனக்கு முழுசாத் தெரியலம்மா. ஒண்ணு மட்டும் தெரியும். அவன் மனச ஆரு வேணா தொட்டிருக்கலாம். குதிரையப் பூட்டச் சொன்னது அவன் வாயிதான்." பிறகு சக்கரம் எப்படிச் சாயும், உள்ளே இருப்பவனுக்கு எப்படி வயிற்றைப் புரட்டும், காலை வைத்தால் எதுவரை போகும் என்று விலாவாரியாகச் சொன்னாள். பிள்ளைகளுக்குப் பார்வோன் மேல் முதன்முறையாகக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை வேன் வரும் நேரத்துக்கு முன்பே சாராள் கேட்டுக்குப் போய் நின்றாள். தூசு துடைக்கிற மாதிரி அடையாள அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வராமல் போனால்? பக்கத்துக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று வேறு பேச்சு. வேன் திரும்பியது. கதவு திறந்தது. ஆறு பேரும் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய செல்லியம்மாள் நொண்டினாள். தீமிதியில் சின்னக் கொப்புளம், கேட்டால் "கரகம் ஒரு சொட்டு சிந்தல" என்று பதில் சொன்னாள்.

ஆறு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். சுருள்கள் வந்தன. கை ஓடுவது தெரியவில்லை, பெட்டி நிறைவதுதான் தெரிந்தது. சாராள் பின்னால் நடந்தாள். நெஞ்சுக்குள் அந்த ஏதோ ஒன்று மறுபடி சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

"அக்கா" என்றாள் செல்லியம்மாள், தலையைத் தூக்காமல். "ஆவணியில என் நாத்தனார் பொண்ணுக்கு வளைகாப்பு. ஒரு ரெண்டு நாளு…"

சாராளின் கை இடுப்புக்குப் புறப்பட்டது. வாயும் திறந்துவிட்டது. 'மு' என்ற எழுத்து உதட்டில் வந்து நின்றது. லைன் முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. சாராள் உதட்டைக் கடித்து அதை உள்ளே அனுப்பிவிட்டு, பெருமூச்சு விட்டாள்.

"எந்தத் தேதிடி?" என்றாள்.